உண்ணாத உண்ணியும் பத்துமலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். விலைவாசி இப்படி ஏறிக் கிடக்கிற நேரத்தில் பல்கலைக்கழகங்களில் உண்ணியையும் பேனையும் ஆராய்ச்சி செய்கிறோம் என்று ரிங்கிட் வெள்ளியைக் கொட்டுகிறார்களே, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தார். கேள்வியில் தப்பே இல்லை, மக்கள் பணம் போகிற இடத்தை மக்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கம், ஏனென்றால் என் மகள் உண்ணி ஆராய்ச்சிதான் செய்கிறாள்.

நான் 31 வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். அறிவியல் எனக்குப் பாடம் இல்லை. இதில் எழுதியிருப்பதெல்லாம் மூன்று வருடமாக ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் மகள் சொல்லிச் சொல்லிக் காதில் ஏறியது, நம்பாத இடங்களில் அவளைக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டது. போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். விருந்தில் உட்கார்ந்திருக்கும்போது என் நாத்தனார் அவளைப் பார்த்து, "என்னம்மா படிக்கிற?" என்று கேட்டார். "உண்ணி, அத்தை." "நாய் உண்ணியா, மாட்டு உண்ணியா?" "வௌவால் உண்ணி." மேசையில் ஒரு நிமிடம் கரண்டிச் சத்தம்கூட இல்லை. அப்புறம் பக்கத்திலிருந்த ஒரு மாமா, "டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஒன்றும் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பெயர். உண்ணி என்றால் உண்பது, அவ்வளவுதான். பள்ளியில் தாவர உண்ணி, ஊன் உண்ணி, ஒட்டுண்ணி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பசு மடியில் இருந்தாலும் உண்ணி பாலைக் குடிக்காது, ரத்தத்தைத்தான் குடிக்கும் என்று பழமொழி சொல்லி நாலாம் ஆண்டுப் பிள்ளைகளை மிரட்டியும் இருக்கிறேன். ஆனால் உண்ணியில் இரண்டு பெரிய குடும்பங்கள் இருப்பது என் மகள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு முதுகில் கெட்டியான ஓடு உண்டு, நாயின் காதிலும் மாட்டின் தாடையிலும் நாம் பார்ப்பதெல்லாம் அந்த வகை, உலகத்தில் 700 இனங்களுக்கும் மேல். இன்னொன்றுக்கு ஓடு கிடையாது, உடம்பு சுருக்கம் விழுந்த பழைய தோல் பைபோல இருக்கும், வாய் அடிப்பக்கம் ஒளிந்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாத மாதிரி தெரியும், இதில் ஏறத்தாழ 200 இனங்கள். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று அவள் கேட்டாள். தமிழாசிரியையிடம் கேட்டால் வேறு என்ன கிடைக்கும்? வல்லினம் மெல்லினம் மாதிரி வன்னுண்ணி, மென்னுண்ணி என்று வைத்துக்கொள் என்றேன். புணர்ச்சி விதிப்படி சரியாகவும் இருக்கிறது, அவளும் குறித்துக்கொண்டாள். இனி இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் குணம் வேறு. வன்னுண்ணி ஒரு விருந்தாளி, வந்தால் போகாது. தோலில் வாயைக் குத்தி, சிமெண்டு மாதிரி ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொண்டு நாள்கணக்காகக் குடிக்கும், பெண் உண்ணி பயறு அளவுக்கு ஊதி, கீழே விழுந்து, ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் செத்துவிடும். மென்னுண்ணி அப்படி இல்லை. பகலில் சுவர் விரிசலிலோ கூட்டிலோ வளையிலோ பதுங்கியிருக்கும், தூங்குகிற உயிர் பக்கத்தில் இருந்தால் இரவில் வெளியே வரும், முன்னங்கால் நுனியில் இருக்கும் ஒரு சின்ன உறுப்பால் மூச்சுக்காற்றையும் வாசனையையும் சூட்டையும் மோப்பம் பிடித்துக் கிட்டே போகும், அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். கடிபட்டவருக்குக் கடித்தது யார் என்றே தெரியாது. கொஞ்ச நாள் கழித்துக் கொஞ்சம் முட்டை போடும், மறுபடி ஒரு வேளை குடிக்கும், மறுபடி கொஞ்சம் முட்டை, இப்படியே வருடக்கணக்கில். ஒட்டுண்ணி என்று பெயர், ஆனால் வளர்ந்த மென்னுண்ணி ஒட்டியே இருப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் மட்டும் பல இனங்கள் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், வௌவாலோடு சேர்ந்து பறந்துபோய் வேறு குகையில் இறங்குவதற்கு அது வசதி. ஆப்பிரிக்காவில் ஓர் இனத்தின் குஞ்சு அந்த வயதில் வாயே திறப்பதில்லை, சாப்பிடாமலே அடுத்த பருவத்துக்குத் தோல் உரித்துவிடும்.

என் அப்பா தோட்டத்தில் இருந்தபோது கோழிக்கூட்டில் செள் விழுந்தால் கோழியைத் தொடமாட்டார். கூட்டின் மூங்கில் இடுக்கு, பலகை இடுக்கு எல்லாவற்றிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சுண்ணாம்பு பூசுவார். செள் உண்ணி இல்லை, வேறு சாதி, ஆனால் அதுவும் பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் கடிப்பதுதான். "சனியன் கோழி மேல இல்ல, வீட்ல இருக்கு" என்பார். மகள் மென்னுண்ணியை ஒழிப்பது ஏன் கஷ்டம் என்று விளக்கியபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. பிராணிக்கு மருந்து போட்டுப் புண்ணியமில்லை, கடித்தவன் சுவருக்குள் இருக்கிறான்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஷெப்பர்ட் என்று ஒரு பேராசிரியர். 1976-இல் கென்யாவில் நைரோபி பக்கத்துக் குகைகளிலிருந்து பிடித்த ஆர்காஸ் பிரம்ப்டி என்ற மென்னுண்ணிகள் அவர் கைக்கு வந்தன. 6 பெண், 4 ஆண், 3 குஞ்சு, மொத்தமே 13. அவற்றை ஆய்வுக்கூடத்தில் வைத்து வளர்த்தார், அவ்வப்போது எலி, முயல் ரத்தம் கிடைக்கும்படி செய்தார். ஒரு கட்டத்தில் அது நின்றுபோனது. 8 வருடம் சாப்பாடே இல்லை. ஆண்கள் செத்துப்போயின, பெண்கள் உயிரோடு இருந்தன. மறுபடி ரத்தம் கொடுத்தார், குடித்தன. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை, கடைசி ஆண் உண்ணி செத்து 4 வருடம் ஆன பிறகு அதில் ஒரு பெண் முட்டை போட்டது, குஞ்சும் பொரித்தது. அத்தனை வருடமும் விந்தைத் தன் உடம்புக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. அந்த உண்ணிகள் 27 வருடம் வாழ்ந்ததை 2022-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு மனிதர் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறுகிற காலம் அளவுக்கு ஓர் உண்ணி ஆயுள். இதை முதல் தடவை கேட்டபோது நான், "எட்டு வருஷம் சாப்பிடாததுக்கு எதுக்கு உண்ணின்னு பேரு?" என்று கேட்டேன், அவள் சிரித்துச் சிரித்துச் சோறு புரையேறியது.

இத்தனை வருடம் பட்டினி கிடக்க அதற்கு எப்படி முடிகிறது என்பதில்தான் இந்த ஆராய்ச்சியின் சுவை இருக்கிறது, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், பக்கம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டிக்கொள்ளுங்கள். மென்னுண்ணி ஒரு வேளையில் தன் எடையைப்போல் ஐந்து மடங்கு, பத்து மடங்குகூடக் குடிக்கும். ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். அதைச் சுமந்துகொண்டு இடுக்குக்குள் நுழைய முடியாது என்பதால் முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் நடுவில் இருக்கும் சுரப்பி வழியாக அந்தத் தண்ணீரையும் உப்பையும் குடிக்கும்போதே, அல்லது குடித்து முடித்த கையோடு, துளித்துளியாக வெளியேற்றிவிடும். நாம் கஞ்சியை வடித்துச் சோற்றை வைத்துக்கொள்வது மாதிரி. மீதி கெட்டியான சத்து குடலில் தங்கும். அதை அவசரப்பட்டு ஜீரணிப்பதில்லை, குடல் சுவரின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து மாதக்கணக்கில் செலவு செய்கின்றன. ஆப்பிரிக்காவின் ஓர்னித்தோடோரஸ் மௌபாட்டா என்ற இனத்தில் நடுக்குடல் பின்பக்கம் போய்ச் சேருவதே இல்லை, அந்தப் பக்கம் கதவு மூடியிருக்கிறது. தோலில் மெழுகுப் பூச்சு, ஈரம் வெளியே போகாது. அசையாமல் கிடப்பதால் செலவும் இல்லை. எங்கள் தோட்டத்தில் சம்பளத்துக்கு முந்தின வாரம் அம்மா சமையல் செய்தது நினைவுக்கு வருகிறதா என்று கேட்காதீர்கள், வருகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ரத்தம் மட்டுமே சாப்பிட்டால் பி வைட்டமின் போதாது. நமக்கே கீரை, பருப்பு என்று வேண்டியிருக்கிறதே. பிரான்சில் மோன்பெலியே நகரத்து ஆய்வாளர் ஒலிவியே டூரோனும் அவர் குழுவும் இதற்கு விடை கண்டுபிடித்து 2018-இல் எழுதினார்கள். மௌபாட்டா உண்ணியின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது, பயோட்டின், ரைபோபிளேவின், போலிக் அமிலம் மூன்றையும் அதுதான் சமைத்துக் கொடுக்கிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்தப் பாக்டீரியாவை ஒழித்தபோது உண்ணிகள் வளர முடியாமல், தோல் உரிக்க முடியாமல் தவித்தன. ரத்தத்தோடு வைட்டமினைக் கலந்து கொடுத்ததும் தேறின. ஒட்டுண்ணிக்குள்ளே ஒரு வாடகைக்காரன், வாடகையை வைட்டமினாகக் கட்டுகிறான். வருங்காலத்தில் விஷமருந்து தெளிக்காமல் உண்ணியைக் கட்டுப்படுத்த இது ஒரு வழியாகலாம் என்று என் மகள் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அன்பர் கேட்ட "யாருக்கு லாபம்" என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். 1904, 1905 வாக்கில் ஆப்பிரிக்காவில் விட்டு விட்டு வரும் ஒரு காய்ச்சல் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. நாலைந்து நாள் அடிக்கும், விடும், ஒரு வாரம் கழித்து மறுபடி அடிக்கும். உகாண்டாவிலும் கொங்கோவிலும் தனித்தனியாக ஆய்வு செய்தவர்கள், மண் குடிசைத் தரையில் ஒளிந்திருக்கும் மௌபாட்டா உண்ணிதான் அதைப் பரப்புகிறது என்று காட்டினார்கள். கொங்கோவில் அந்த வேலை செய்த ஜோசப் டட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதே காய்ச்சலில் 1905-இல் அங்கேயே இறந்துபோனார், வயது 30. அந்தக் கிருமிக்குப் பொரேலியா டட்டோனி என்று அவர் பெயரே இருக்கிறது. வன்னுண்ணி கடித்தால் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் பல நோய்களுக்குத் தப்பிக்கலாம் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள், சரிதான். ஆனால் இந்தக் காய்ச்சல் கிருமி மென்னுண்ணியின் எச்சில் சுரப்பியில் தயாராகக் காத்திருக்கும், கடித்த சில நிமிடங்களுக்குள்ளேயே இறங்கிவிடும். பிடுங்குவதற்கு அங்கே உண்ணியும் இருக்காது. ஒரே ஆலோசனையை இரண்டுக்கும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, ஆப்பிரிக்கா தூரம். பன்றிக் காய்ச்சல்? பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் நம் சபா மாநிலத்தில் உறுதியானது, அதே வருடக் கடைசியில் தீபகற்ப மலேசியாவுக்கு வந்தது, 2023 ஜனவரியில் பினாங்கிலும் பண்ணைகளைக் காலி செய்தது. அந்த நேரத்தில் என் தம்பி பட்டர்வொர்த் பக்கம் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், மாதக்கணக்கில் வேலை இல்லை. ஆசியாவில் இந்த நோய் முக்கியமாகப் பன்றியிலிருந்து பன்றிக்கும், இறைச்சி, மிச்ச உணவு, லாரி, செருப்பு வழியாகவும்தான் பரவியது, உண்ணி மேல் பழி போடவில்லை நான். ஆனால் இந்த வைரஸின் பூர்வீகம் ஆப்பிரிக்கக் காட்டுப் பன்றி வளைகளில் வாழும் மென்னுண்ணி. ஸ்பெயினில் 1963-இலேயே ஒரு மென்னுண்ணி இதைச் சுமப்பதைக் கண்டுபிடித்தார்கள். பழைய கல் கொட்டில்களின் விரிசலில் அந்த உண்ணிகள் இருந்ததால் பன்றியை எல்லாம் கொன்று கொட்டிலைக் கழுவி, புதுப் பன்றி வாங்கிவிட்டால் நோய் மறுபடி தலைகாட்டும். ஸ்பெயினும் போர்த்துகலும் முப்பது வருடத்துக்கு மேல் போராடின. போர்த்துகலில் ஒழிந்துவிட்டது என்று நினைத்த பிறகு 1999-இல் ஒரு பண்ணையில் திரும்ப வந்தது, உண்ணி வழியாக. கைவிட்ட பண்ணைகளில் பிடித்த உண்ணிகளுக்குள் 5 வருடத்துக்கு மேல் கழித்தும் வைரஸ் உயிரோடு இருந்ததைப் போர்த்துகீசிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சாப்பிடாமல் 8 வருடம் இருக்கிற உயிருக்கு 5 வருடம் என்ன கணக்கு? உண்ணி எவ்வளவு நாள் பட்டினி கிடக்கும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது வெட்டி வேலை இல்லை. அந்த எண் தெரியாமல் காலியான பண்ணையை எப்போது திறக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

மருந்தும் இருக்கிறது. கடித்ததும் ரத்தம் உறைந்துவிட்டால் உண்ணிக்குச் சோறு கிடைக்காது, அதனால் அதன் எச்சிலில் நூறு வித்தை வைத்திருக்கிறது. மௌபாட்டாவிடமிருந்து பிரித்த ஒரு சின்னப் புரதம், 60 அமினோ அமிலம்தான், ரத்தம் உறைவதற்கு வேண்டிய பத்தாம் காரணியை நேரே போய்ப் பிடித்து நிறுத்துகிறது என்று 1990-இல் வெளியிட்டார்கள். நம் வீடுகளில் இதய நோயாளிகள் விழுங்கும் ரத்தம் உறையாத மாத்திரைகளில் சில, அதே காரணியைத்தான் நிறுத்துகின்றன. அந்த மாத்திரை உண்ணியிலிருந்து வரவில்லை, ஆனால் பூட்டு ஒன்றுதான். அதே உண்ணியின் எச்சிலில் கிடைத்த இன்னொரு புரதம், நம் உடம்பின் தற்காப்பு எல்லை மீறிப் போய் சொந்த ரத்த அணுவையே உடைக்கிற ஒரு நோய்க்கு மருந்தாக நோயாளிகளிடம் சோதிக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. டாக்டருக்குப் படித்திருக்கலாமே என்று சொன்ன மாமா ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் ஏழு மாத்திரை போடுகிறார். அவரிடம் இதைச் சொல்லவில்லை, கல்யாண வீடு.

இனி நான் உண்மையில் எழுத வந்தது.

பத்துமலைக்குப் போகாத தமிழர் இந்த வட்டாரத்தில் இல்லை. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது, 272 படியை நானே எத்தனை தடவை ஏறியிருப்பேன், முதல் தடவை அப்பா தோளில், கடைசி தடவை மகள் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி. 1929-இல் ஸ்டான்லி ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர், சிலந்தி, உண்ணி வகைகளை வகைப்படுத்துவதில் பெயர் பெற்றவர், பத்துமலைக் குகையில் கிடைத்த ஒரு மென்னுண்ணிக்கு ஓர்னித்தோடோரஸ் பத்துவென்சிஸ் என்று பெயர் வைத்தார். பத்துவின் உண்ணி என்று பொருள். நம் முருகன் மலையின் பெயரை உலக அறிவியல் ஏடுகளில் ஓர் உண்ணி கிட்டத்தட்ட நூறு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. நமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதே மலைக்குகையில் வாழும் அபூர்வச் சிலந்திக்கும் 1923-இல் பத்துவென்சிஸ் என்றுதான் பெயர் வைத்தார்கள், அதையாவது சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டிப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள். உண்ணியை யார் காட்டுவார்? உறவினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "பத்துன்னா பத்து வகை உண்ணியா?" என்றார். ஐயா, மலாயில் பத்து என்றால் கல்.

பாவம், அதற்கு இருக்கிற ஒரு பெயரிலும் நிம்மதி இல்லை. மென்னுண்ணிகளை எப்படிப் பேரினங்களாகப் பிரிப்பது என்பதில் அறிஞர்களுக்குள் பல வருடச் சண்டை, அதனால் இதே உயிரை ஒரு கட்டுரையில் ஓர்னித்தோடோரஸ் என்பார்கள், இன்னொன்றில் கேரியாஸ், வேறொன்றில் ரெட்டிகுலினாசஸ். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஜாதகத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என்று நம்மவர்கள் அலைகிற மாதிரிதான். பழைய கட்டுரையைத் தேடுகிறபோது எந்தப் பெயரில் தேடுவது என்றே என் மகளுக்குப் பாதி நாள் போகிறது.

அது வௌவாலை நம்பி வாழ்கிற உண்ணி. இங்கேதான் கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் வௌவால், உண்ணி, வைரஸ் மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் மறுநாளே யாராவது தீப்பந்தம் தூக்கிக்கொண்டு குகைக்குப் போவார்கள். 1966-இல் கிளந்தான் மாநிலத்தில் வௌவால்களிடமிருந்தும் அவற்றின் மென்னுண்ணியிடமிருந்தும் ஒரு வைரஸைப் பிரித்து, அந்த ஊர்ப் பெயரால் கெத்தெரா வைரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் சொந்தக்கார வைரஸ் ஒன்று மத்திய ஆசியாவில் மனிதர்களுக்குக் காய்ச்சல் கொடுப்பது. அப்படியானால் விழித்திருக்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் இந்தப் பிள்ளைகள் செய்கிற வேலை. வௌவாலை விரட்டுவது வேலை இல்லை. விரட்டினால் பசித்த உண்ணி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள், அது வௌவாலோடு போகப் போவதில்லை, சுவரிலேயே இருக்கும், அடுத்து வருகிற ரத்தத்துக்குக் காத்திருக்கும்.

இன்னொன்று. குகைகளில் கூட்டமாக வாழும் தேன்குடிக்கும் வௌவால் ஒன்று, இயோனிக்டரிஸ் என்பார்கள், இரவில் பல கிலோமீட்டர் பறந்து டுரியான் பூவுக்கும் பெத்தாய்ப் பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பது அதுதான். மேற்கு மலேசியாவில் இதை ஆராய்ந்து 1976-இலேயே எழுதியிருக்கிறார்கள். டுரியான் பூ விரிவதே சாயங்காலத்துக்கு மேல்தான். ஒரு கிலோ முசாங் கிங் டுரியானுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கடிதம் எழுதிய அன்பருக்குத் தெரிந்திருக்கும், அந்தக் கணக்கில் வௌவாலுக்கும் பங்கு உண்டு.

தெரியாமல் இருப்பதற்கு என்ன விலை என்றும் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்தார்கள், கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவ ஆய்வாளர் 1999-இல் அது முற்றிலும் வேறு, புதிய வைரஸ் என்று கண்டுபிடித்த பிறகுதான் எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்தது. அதுதான் நிப்பா. நம் நாட்டில் 105 பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அந்த வைரஸ் உண்ணி வழி வரவில்லை, வந்தது பெரிய பழந்தின்னி வௌவாலிடமிருந்து. அன்றைக்கு யாராவது ஒரு பிள்ளை, "வௌவாலைப் படிக்கிறேன்" என்று கல்யாண வீட்டில் சொல்லியிருந்தால் அதையும் சிரித்திருப்போம்.

என் மகள் செய்கிற வேலைக்கு எவ்வளவு வெள்ளி கொட்டுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். மாதப்படி வாங்குகிறாள், அது அறை வாடகைக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும், அதுவும் சில மாதம் தாமதமாக வரும். குகைக்குள் போக அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை அலைந்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு விண்ணப்பப் பாரம். உண்ணி பிடிக்க உலர்பனிக்கட்டி வைப்பார்கள், அது ஆவியாகிக் கரியமிலவாயு வரும், மூச்சு விடுகிற ஏதோ படுத்திருக்கிறது என்று நினைத்து உண்ணி இடுக்கிலிருந்து வெளியே வரும். அந்தப் பனிக்கட்டிக்குப் பணம் ஒதுக்கவில்லை என்று ஒரு தடவை சொந்தக் காசில் வாங்கினாள். தலைவிளக்கு, ரப்பர் பூட்ஸ், கையுறை என்று மூட்டை கட்டிக்கொண்டு விடிகாலையில் கிளம்பி, ராத்திரி வௌவால் எச்ச நாற்றத்தோடு வருவாள். நான் வாசலிலேயே துணியை வாங்கி வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றுவேன், அப்பா கோழிக்கூட்டுக்குச் செய்த மாதிரி.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கேட்பது இரண்டே. தைப்பூசச் சிறப்பிதழ் ஒவ்வொரு வருடமும் போடுகிறீர்கள், அதில் அந்த மலையில் என்னென்ன உயிர் வாழ்கிறது என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள், சிலந்தி, வௌவால், உண்ணி எல்லாம். எழுதித் தர ஆள் இல்லையென்றால் என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், தமிழ் நான் திருத்தித் தருகிறேன். அடுத்தது, இரண்டு மாதம் முன்பு உங்கள் மாணவர் பக்கத்தில் "ரத்தம் குடிக்கும் பூச்சிகள்" என்று போட்டு உண்ணிக்கு ஆறு கால் வரைந்திருந்தீர்கள். உண்ணி பூச்சி இல்லை, சிலந்தி, தேள் கூட்டத்தைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும், ஓவியர் குஞ்சைத்தான் வரைந்தார் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் படத்தில் அது முட்டை போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த தடவை எட்டுக் கால் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உண்ணிக்காரியின் அம்மா,
செந்தூல், கோலாலம்பூர்